உயிரியல் பூங்காவில் அவசரமில்லாத ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்து உயிரியல் பூங்காவுக்குக் காலையில் சென்று மாலையில் திரும்ப நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வரைபடத்தில் உள்ள எல்லாவற்றையும் பார்த்து முடித்தாக வேண்டும் என்று எண்ணுபவர்களுக்கு இப்பக்கம் அதிகம் பயன்படாது. சிலவற்றையேனும் நின்று நிதானமாகப் பார்க்க விரும்புவோரை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டுள்ளது.

ஒரே நாளில் பூங்கா முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

நடந்து முடிக்கலாம், பார்த்து முடிக்க இயலாது. நூறு இருப்பிடங்கள் உள்ள ஒரு பூங்காவில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் ஒதுக்கினாலே ஐந்து மணி நேரம் ஆகிவிடும். இடையில் நடக்கும் நேரம், உண்ணும் நேரம், குழந்தைகளை அழைத்துக்கொண்டு கழிப்பறைக்குச் சென்று வரும் நேரம் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை. அந்த மூன்று நிமிடத்திலும் பெரிதாக எதுவும் தெரியப்போவதில்லை. நீரில் மூழ்கிக் கிடக்கும் நீர்யானை மூச்சு விடுவதற்காக மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தலையை வெளியே நீட்டும் என்பதால், மூன்றாவது நிமிடத்தில் கிளம்பிவிடுபவர் கலங்கிய தண்ணீரை மட்டுமே பார்த்துவிட்டுப் போக நேரிடும்.

எனவே எட்டு அல்லது பத்து விலங்குகளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. குடும்பமாகச் செல்வோர், ஆளுக்கு இரண்டு விலங்குகளைத் தேர்ந்தெடுக்கும்படி முதல் நாளே சொல்லிவிடலாம். அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்குத் தலா கால் மணி நேரமாவது கொடுங்கள். போகும் வழியில் தென்படும் மற்றவை இலவச இணைப்பாக இருக்கட்டும். பட்டியலை அறவே தயாரிக்காமல் கால் போன போக்கில் நடப்பதும் இனிமையானதே. ஆனால் சிறுவர்கள் உடன் இருந்தால் அந்த இனிமை நெடுநேரம் நீடிப்பதில்லை.

எந்த நாளில், எத்தனை மணிக்குச் செல்வது நல்லது?

பள்ளி நடைபெறும் வார நாளில், கதவு திறக்கும் நேரத்துக்கே சென்றுவிடுவது எல்லா வகையிலும் சிறந்தது. பல பூங்காக்கள் வாரத்தில் ஒரு நாள் மூடப்பட்டிருக்கும் என்பதால் விடுமுறை நாள் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இணையத்தில் நுழைவுச்சீட்டு எடுக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். காலையின் முதல் அரை மணி நேரம் மிக விலையுயர்ந்தது. அதை வரிசையில் நின்று கழிப்பது வீண். விலங்குகள் இரவுக் கூடத்திலிருந்து வெளியே விடப்படுவதும், இருப்பிடத்தைச் சுற்றி வந்து மோப்பம் பிடிப்பதும், எல்லையில் சிறுநீர் தெளித்துத் தம் மணத்தைப் புதுப்பிப்பதும் பெரும்பாலும் அந்நேரத்தில்தான் நிகழ்கின்றன.

விடுமுறை நாளைத் தவிர வேறு நாள் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கூட்டம் பொதுவாக முற்பகலின் பிற்பகுதியில்தான் திரளத் தொடங்கும்; அதற்குள் பட்டியலில் பாதியை முடித்துவிடலாம்.

உள்ளே நுழைந்ததும் எந்தப் பக்கம் போவது?

வாயிலுக்கு மிகத் தொலைவில் உள்ள மூலைக்கு. காலையில் வருபவர்களில் பெரும்பாலோர் வாயிலுக்கு அருகில் உள்ள முதல் இருப்பிடத்திலேயே நின்றுவிடுவார்கள் என்பதால், கூட்டம் வாயிலிலிருந்து உள்நோக்கி மெல்ல நகரும். நீங்கள் கடைக்கோடிக்குச் சென்று அங்கிருந்து வாயிலை நோக்கி வந்தால், காலை முழுவதும் ஆளில்லாத பகுதியில் நடக்கலாம். கால் வலிக்கத் தொடங்கும் நேரத்தில் வாயிலுக்கு அருகிலும் வந்திருப்பீர்கள். மின்கல வாகனம் ஓடும் பூங்காக்களில் போகும்போது அதில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டு, திரும்பும்போது நடந்து வருவது உத்தமம். பலர் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். மாலையில் எல்லோரும் களைத்த பிறகு அந்த வண்டியில் இடம் கிடைப்பது அரிது.

இதற்கு ஒரே விதிவிலக்கு, வாயிலருகே உள்ள விலங்கு காலையில் மட்டுமே சுறுசுறுப்பாக இருக்கும் இனமாக இருப்பது. அதை முதலில் பார்த்துவிட்டே கடைக்கோடிக்குச் செல்லலாம்.

எந்த விலங்கை எந்நேரத்தில் பார்ப்பது?

ஒரு நாள் பயணத்தின் வெற்றி பெரும்பாலும் இக்கேள்வியைச் சார்ந்தே இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

கிப்பன் குரங்குகள் காலையில் பாடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி, ஒன்றின் குரலை மற்றொன்று ஏந்திக்கொண்டு எழுப்பும் அந்த ஓசை பூங்காவின் மறுகோடி வரை கேட்கும். அது தொடங்கிவிட்டால் வேறு எந்தத் திட்டம் இருந்தாலும் அப்பக்கமாகத் திரும்பிவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. ஹூலக் கிப்பன் போன்ற சில இனங்களில் வளர்ந்த ஆண் கறுப்பாகவும் பெண் பழுப்பாகவும் இருக்கும் என்பதை அறிந்திருந்தால், யார் எப்பகுதியைப் பாடுகிறார்கள் என்பதையும் கவனிக்க முடியும்.

புலி, சிங்கம், சிறுத்தை போன்ற பெரிய பூனைகள் விடியலிலும் அந்தியிலும்தான் இயல்பாக உலவுபவை. எனவே அவற்றைக் காலையின் முதல் ஒரு மணி நேரத்திலோ வெயில் தாழ்ந்த பிறகோ பார்க்க வேண்டும். கொளுத்தும் நண்பகலில் புலி இருப்பிடத்தில் ஒரு குளம் இருக்கிறதா என்று பாருங்கள். புலிக்குத் தண்ணீர் பிடிக்கும் என்பதால் உடலின் பின்பாதியை நீரில் அமிழ்த்தியபடி அது உட்கார்ந்திருக்கக்கூடும். சிவிங்கிப்புலி இக்கூட்டத்தில் வேறுபட்டது. அது பகலில் வேட்டையாடும் விலங்கு.

நண்பகலுக்கு ஏற்ற விலங்குகளும் உண்டு. யானை ஒரு நாளின் பெரும்பகுதியை உண்பதிலேயே கழிக்கும். எந்நேரம் சென்றாலும் அதன் தும்பிக்கை எதையாவது செய்துகொண்டிருக்கும். ஒட்டகச்சிவிங்கியும் அவ்வாறே. அதன் கருநீல நாக்கு ஏறத்தாழ 45 செ.மீ. நீளமுள்ளது, அது முள்ளுக்கு நடுவே உள்ள இலையை மட்டும் உருவி எடுக்கும் நேர்த்தியைக் காணக் கால் மணி நேரம் போதாது. கீரி இனத்தைச் சேர்ந்த மீர்கட்டின் கூட்டத்தில் மற்றவை மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் உயரமான இடத்தில் நிமிர்ந்து நின்று காவல் காக்கும். அந்தக் காவல் எப்போது கைமாறுகிறது என்று பார்ப்பது சிறுவர்களுக்குக் கொடுக்கத் தகுந்த வேலை. பகலில் விழித்திருக்கும் நீர்நாய் இனங்களையும் இவ்வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலை, பாம்பு, ஆமை முதலியவற்றின் உடல் வெப்பம் சூழலைப் பொறுத்தது என்பதால் அவை காலை வெயிலில் காய்வதற்காக வெளியே வரும். வாயை அகலத் திறந்தபடி அசையாமல் கிடக்கும் முதலை கோபத்தில் இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் உடல் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ளும் முறையே.

தேவாங்கு, வௌவால் போன்ற இரவு விலங்குகளுக்குச் சில பூங்காக்களில் தனிக் கட்டடம் இருக்கும். அங்கே பகலில் மங்கலான விளக்கும், இரவில் பிரகாசமான விளக்கும் இட்டு அவற்றின் நாளைத் தலைகீழாக மாற்றியிருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் எதுவும் தெரியவில்லையே என்று உடனே வெளியேறிவிடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து முதல் பத்து நிமிடங்கள் ஆகும். கைபேசியைத் திறந்துவிட்டால் அந்தக் கணக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தை இக்கட்டடத்துக்கென்று ஒதுக்கிவைப்பது இரட்டை நன்மை. இரவு விலங்குகளை இரவிலேயே காண்பதற்கென்று சிங்கப்பூரில் 1994-இல் ஒரு தனிப் பூங்காவே திறக்கப்பட்டது.

எப்போது போனாலும் விலங்குகள் தூங்கிக்கொண்டே இருக்கின்றனவே?

தூங்குவது அவற்றின் இயல்பு. சிங்கம் காட்டிலேயே நாளில் 16 முதல் 20 மணி நேரம் வரை ஓய்வெடுக்கும்; கோவாலா 20 மணி நேரம் வரை தூங்கும். கோவாலா உண்ணும் யூகலிப்டஸ் இலையில் சத்து குறைவு, நச்சு அதிகம் என்பதால் கிடைக்கும் ஆற்றலைச் சேமித்தே அது வாழ வேண்டியுள்ளது. ஆகவே தூங்கும் சிங்கத்தைப் பார்த்தவர் உண்மையான சிங்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

தூக்கத்திலும் கவனிப்பதற்கு நிறைய இருக்கிறது. கூட்டமாக வாழும் விலங்குகளில் எது எதன் மேல் சாய்ந்து தூங்குகிறது, எது விலகிப் படுக்கிறது, காது எந்த ஓசைக்குத் திரும்புகிறது, ஒன்று எழுந்தால் மற்றவை தலை தூக்குகின்றனவா என்று பாருங்கள். பூநாரை ஒற்றைக் காலில் நின்று தூங்கும்போது எந்தக் காலை மாற்றுகிறது என்று கவனிப்பதற்கும் பொறுமை வேண்டும். இந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அத்தகையோர் அவ்விடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வருவதே வழி.

இருப்பிடம் காலியாக இருக்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் அது காலியாக இருக்காது. மேலே பாருங்கள், சிவப்பு பாண்டா, சிறுத்தை, மலைப்பாம்பு ஆகியவை கிளையில் இருக்கும்போது நம் கண் தரையைத்தான் துழாவும். பிறகு நிழல் விழும் மூலைகளையும் பாறையின் பின்புறத்தையும் சுவரை ஒட்டிய பகுதியையும் வரிசையாகப் பாருங்கள். முழு உருவத்தைத் தேடாமல் ஒரு காதையோ வாலின் அசைவையோ தேடுவதுதான் காட்டுக்குச் செல்பவர்கள் கையாளும் முறை. நன்றாக அமைக்கப்பட்ட இருப்பிடங்களில் பார்வையாளரின் கண்ணில் படாமல் ஒதுங்குவதற்கு விலங்குக்கு ஓரிடம் கட்டாயம் இருக்கும். அந்த வசதி இருப்பது பூங்காவின் தரத்துக்குச் சான்று. ஏமாற்றத்துக்குக் காரணமாக அதைக் கொள்ளக்கூடாது.

மருத்துவச் சோதனை, ஈற்றுக் காலம், புதிய துணையோடு பழக்குதல் போன்ற காரணங்களுக்காகவும் விலங்கு உள்ளே வைக்கப்பட்டிருக்கலாம். அருகில் பராமரிப்பாளர் இருந்தால் கேளுங்கள். அவர்கள் வேலையில் மூழ்கியிருந்தாலும், இந்த விலங்குக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் நின்று பதில் சொல்வார்கள்.

உணவூட்டும் நேரங்களை எல்லாம் பார்த்துவிட வேண்டுமா?

இரண்டு போதும். உணவூட்டும் நேரம் அறிவிக்கப்பட்ட இடங்களில் கூட்டமும் அங்கேதான் கூடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தால் நாள் முழுவதும் கடிகாரத்துக்கு அடிமையாகிவிடுவீர்கள். முற்பகலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பாகச் செல்லுங்கள். பராமரிப்பாளரின் காலடி ஓசையையோ வாளியின் ஓசையையோ கேட்டவுடன் விலங்கு எழுந்து காத்திருக்கத் தொடங்குவதுதான், என் கருத்தில், உண்பதைக் காட்டிலும் சுவையான காட்சி. உணவைக் கட்டைக்குள் ஒளித்துவைப்பது, பனிக்கட்டிக்குள் உறையவைப்பது, உயரத்தில் தொங்கவிடுவது என்று விலங்கைத் தேடவைக்கும் முறைகள் இப்போது பல பூங்காக்களில் பின்பற்றப்படுகின்றன. அத்தகைய இருப்பிடத்தின் முன் கூடுதல் நேரம் நிற்கலாம்.

சிறு குழந்தைகளோடு செல்லும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, புலிக்கு முன்னால் நிற்கும்போது தரையில் ஊரும் எறும்பைக் காட்டி மகிழும். அதைத் திருத்த முயலாதீர்கள். அவ்வயதில் வாத்தும் முயலும் பெரிய விலங்குகளுக்குச் சமம். மேலும் அவை அருகில் இருப்பவை. தொலைவில் இருக்கும் காண்டாமிருகத்தைவிட மூன்றடி தொலைவில் கொறிக்கும் ஆட்டுக்குட்டி குழந்தையின் நினைவில் நெடுநாள் நிற்பதுண்டு.

குழந்தைகளுடன் செல்பவர்கள் தொடர்ச்சியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கத் திட்டமிட வேண்டாம். இரண்டு மணி நேரம் பார்த்த பிறகு நீண்ட இடைவேளை விட்டு, விளையாட்டுத் திடல் இருந்தால் அங்கே ஓடவிட்டு, உணவு முடிந்தபின் இன்னும் ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். நன்றாக நடக்கும் குழந்தையானாலும் தள்ளுவண்டியை எடுத்துச் செல்லுங்கள். பிற்பகலில் அது படுக்கையாகவும் பை சுமக்கும் வண்டியாகவும் உதவும். தடுப்புச் சுவரின் மேல் குழந்தையை உட்காரவைத்துக் காட்டுவதை எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. தோளில் தூக்கிக்கொள்ளலாம், ஆனால் தடுப்பிலிருந்து ஓரடி தள்ளி நின்று.

குழந்தை தவறிப்போனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுப்பதோடு, உங்கள் தொலைபேசி எண்ணை அதன் மணிக்கட்டில் எழுதிவையுங்கள். காலையில் வாயிலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் அன்று என்ன உடை அணிந்திருந்தது என்பதை அடையாளம் சொல்ல எளிதாக இருக்கும். சீருடை அணிந்த பணியாளரைச் சுட்டிக்காட்டி, தேவைப்பட்டால் இவரிடம் போ என்று சொல்லிவைப்பதும் நல்லது.

முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருவோரும் வசதியாகச் சுற்ற இயலுமா?

இயலும், ஆனால் விசாரித்துவிட்டுச் செல்ல வேண்டும். சரிவான பாதைகள் எவை, படிக்கட்டு மட்டுமே உள்ள இடங்கள் எவை, சக்கர நாற்காலி வாயிலிலேயே கிடைக்குமா, உடன் வருபவருக்குச் சலுகை உண்டா என்பவற்றைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். வரைபடம் கைக்கு வந்ததும் விலங்குகளுக்கு முன்பாகக் கழிப்பறைகளையும் நிழல் உள்ள இருக்கைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். முதியவர் ஒருவர் நல்ல நிழலில், குரங்குகளின் இருப்பிடத்துக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது, மற்றவர்கள் ஓடி ஓடிப் பார்த்ததைவிட எவ்வகையிலும் குறைந்ததாகாது. யார் தலைமை, யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள், குட்டி எத்தனை பேர் கைமாறுகிறது என்பதெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியவரும்.

என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

பழகிய காலணி, தொப்பி, தண்ணீர், வழக்கமாக உட்கொள்ளும் மருந்து. இவற்றுக்கு மேல் ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் இருகண் தொலைநோக்கியைச் சொல்வேன். காட்டுக்குத்தானே அது வேண்டும் என்று கேட்பார்கள். அகழிக்கு அப்பால் இருக்கும் சிங்கத்தின் கண் மணியையும், நாரையின் இறகு விளிம்பையும் எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தவர்கள் அக்கேள்வியை மறுபடி கேட்பதில்லை. பலூன், பந்து, வளர்ப்பு விலங்கு, பறக்கும் கேமரா ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஞெகிழிப் பைகளுக்கும் உணவுப் பொட்டலங்களுக்கும் கட்டுப்பாடு இருக்கக்கூடும் என்பதால் விதிமுறையை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றில் பறந்து உள்ளே விழும் ஒரு பையை மானோ யானையோ விழுங்கினால் அது குடலை அடைத்து உயிருக்கே ஆபத்தாக முடியும்.

விலங்குகளுக்கு ஏதேனும் கொடுக்கலாமா?

கூடாது. பூங்காவே விற்கும் தீனியை, அது அனுமதிக்கும் இடத்தில், அனுமதிக்கும் அளவில் கொடுப்பது மட்டும் விலக்கு.

கண்ணாடியைத் தட்டினால் விலங்கு திரும்பிப் பார்க்கிறதே, அதில் என்ன தவறு?

உங்கள் வீட்டுக் கதவை ஒவ்வொரு நிமிடமும் யாரேனும் தட்டிவிட்டுப் போனால் எப்படியிருக்குமோ அப்படித்தான் அதற்கும் இருக்கும். கூச்சலிடுதல், சீழ்க்கை அடித்தல், குரலைப் போலிசெய்தல் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அமைதியாக, அசையாமல் நிற்பவரை நோக்கித்தான் ஆவல் மிகுந்த விலங்குகள் தாமாக நெருங்கி வரும்.

மனிதக் குரங்குகளின் முன் இன்னும் ஓர் எச்சரிக்கை தேவை. நாம் பல் தெரியச் சிரிப்பது நட்பைக் காட்டுவதற்கு. சிம்பன்சி பல்லை அப்படிக் காட்டுவது பெரும்பாலும் அச்சத்தில். கொரில்லாவை நேருக்கு நேராக உற்றுப் பார்ப்பதை அது சவாலாக எடுத்துக்கொள்ளக்கூடும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் பூங்காவில் 2007-இல் பொக்கிட்டோ என்ற ஆண் கொரில்லா அகழியைத் தாண்டி வந்து, தன்னை அடிக்கடி பார்க்க வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைத் தாக்கியது. அதன் பிறகு, அணிபவர் வேறு பக்கம் பார்ப்பது போலத் தோன்றும் அட்டைக் கண்ணாடிகள் அங்கே பார்வையாளருக்கு வழங்கப்பட்டன. அக்கண்ணாடி இல்லாமலேயே, சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நின்று, இடையிடையே பார்வையை விலக்கிக்கொள்வது எல்லோராலும் செய்யக்கூடியதே.

கம்பிவலையும் கண்ணாடியும் குறுக்கிடும்போது நல்ல படம் எடுப்பது எவ்வாறு?

கண்ணாடியானால் லென்ஸின் முகப்பை அதனோடு ஒட்டிவைத்து எடுங்கள், பிரதிபலிப்பு மறைந்துவிடும். அடர்நிற உடையும் இதற்கு உதவும். கம்பிவலையானால், தடுப்புக்கு வெளியே நின்றபடி இயன்ற அளவு நெருங்கி, லென்ஸின் ஒளித்துளையை அகலத் திறந்து, விலங்கு வலையிலிருந்து தள்ளி இருக்கும் நேரம் பார்த்து எடுத்தால் கம்பிகள் மங்கி மறைந்துபோகும். வெயில் விழும் கம்பியைத் தவிர்த்து நிழலில் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேமராவின் மின்னொளியை (ஃபிளாஷ்) அணைத்துவிடுங்கள். அது கண்ணாடியில் பட்டுப் படத்தைக் கெடுப்பதோடு, இரவு விலங்குகளின் கண்ணுக்கும் துன்பம் தரும்.

ஒரு விலங்கின் முன் முதல் ஐந்து நிமிடம் கேமராவைத் தொடாதிருப்பது என்ற கட்டுப்பாட்டை யாரும் விதிக்க முடியாது; ஆனால் அதைக் கடைப்பிடிப்பவர்களின் படங்கள்தாம் நன்றாக அமைகின்றன, ஏனெனில் விலங்கு அடுத்து என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரு விலங்கு ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருந்தது. அதற்கு என்ன பொருள்?

ஒரே பாதையில் இடைவிடாமல் நடப்பது, தலையை ஆட்டிக்கொண்டே இருப்பது போன்ற நோக்கமற்ற திரும்பல் செயல்கள், அடைபட்ட வாழ்க்கையின் நெருக்கடியால் தோன்றுபவை என்று விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆயினும் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல இயலாது. உணவு வரும் நேரம் நெருங்கும்போது மட்டும் அவ்வாறு நடக்கும் விலங்குகள் உண்டு. முன்பு வேறு இடத்தில் மோசமான நிலையில் வைக்கப்பட்டிருந்து மீட்கப்பட்ட விலங்கு, நல்ல இடத்துக்கு வந்த பிறகும் பழைய பழக்கத்தை விடாமல் இருப்பதும் உண்டு. சில மணி நேரம் கழித்து மீண்டும் வந்து பாருங்கள். அப்போதும் அது நடந்துகொண்டே இருந்தால், நிர்வாகத்திடம் அதைப் பற்றிக் கேட்பது பார்வையாளரின் உரிமை. மறுமொழி தெளிவாக இருந்தால் அப்பூங்காவின் மீது மதிப்புக் கூடும்.

அடைத்துவைக்கப்பட்ட விலங்குகளைப் பார்க்கச் செல்வது சரிதானா?

இக்கேள்வியோடு வருபவர்கள்தாம் நல்ல பார்வையாளர்கள் என்பது என் எண்ணம். இதற்கு எல்லாப் பூங்காக்களுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

இன்றும் இயங்கிவரும் பூங்காக்களில் மிகப் பழையது வியன்னாவின் ஷோன்புருன் பூங்கா; 1752-இல் அரண்மனை விலங்குத் தோட்டமாகத் தொடங்கியது. லண்டன் பூங்கா 1828-இல் அறிவியல் ஆய்வுக்கென்று திறக்கப்பட்டு, 1847-இல் பொதுமக்களுக்கும் அனுமதி அளித்தது. கார்ல் ஹாகன்பெக் 1907-இல் ஹாம்பர்க் அருகே திறந்த பூங்காவில் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளை அமைத்தார். இன்று நாம் பல இடங்களில் காணும் திறந்தவெளி இருப்பிடங்களுக்கு அதுவே முன்மாதிரி. அகழி இருப்பதாலேயே விலங்குக்குப் போதிய இடம் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. அது முதலில் பார்வையாளரின் கண்ணுக்காகச் செய்யப்பட்ட மாற்றம்.

மறுபக்கத்தில், பூங்காக்கள் இல்லாதிருந்தால் சில இனங்கள் இன்று இருந்திருக்கா. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972 அளவில் காட்டில் அற்றுப்போனது. பூங்காக்களில் பெருக்கப்பட்ட கூட்டத்திலிருந்து 1982-இல் ஓமன் பாலைவனத்தில் மீண்டும் விடப்பட்டது. மங்கோலியாவின் பிரசெவால்ஸ்கி குதிரையும் 1960-களுக்குப் பிறகு காட்டில் காணப்படாமல், 1992 முதல் அதே மண்ணுக்குத் திரும்பியது. இவ்விரண்டையும் எல்லாப் பூங்காக்களும் தம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. ஆகவே நீங்கள் செல்லும் பூங்கா எந்த இனத்தின் பாதுகாப்புத் திட்டத்தில் பங்கேற்கிறது, விலங்குகளை எங்கிருந்து பெறுகிறது, வேடிக்கைக்காகப் பழக்கிய காட்சிகளை நடத்துகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குச் செல்லாமல் இருப்பதே மேல்.

மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டுமா?

தூறலானால் வேண்டியதில்லை. கூட்டம் குறையும், வெப்பமும் தணியும், வெயிலுக்கு ஒதுங்கிக் கிடந்த பல விலங்குகள் வெளியே நடமாடும். குடையைவிட மழையாடை வசதியானது, ஏனெனில் குடை பின்னால் நிற்பவர் பார்வையை மறைக்கும். இடியும் பலத்த காற்றும் இருந்தால் மரங்கள் நிறைந்த அவ்விடத்தில் நடப்பது ஆபத்து; அன்று வீட்டில் இருங்கள்.

உடல்நலம் பற்றி ஏதேனும் எச்சரிக்கை உண்டா?

காய்ச்சலோ இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மனிதரின் சுவாச நோய்கள் மனிதக் குரங்குகளுக்கு எளிதில் தொற்றும். 2020-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவில் புலிகளுக்கும் சிங்கங்களுக்கும் கொரோனா தொற்றியது உலகெங்கும் பேசப்பட்டது. எதிர்த்திசையிலும் நோய் பரவும். ஆடு, கன்று, ஆமை ஆகியவற்றைத் தொட அனுமதிக்கும் பகுதியிலிருந்து வெளியே வந்தவுடன் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவ வேண்டும். கைத் தூய்மைத் திரவம் இதற்கு முழு மாற்று அன்று. அங்கே நின்றுகொண்டே உண்பதும் கூடாது.

மாலையில் எப்போது கிளம்புவது?

பூங்கா மூடப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பல விலங்குகள் இரவுக் கூடத்துக்கு அழைக்கப்பட்டுவிடும். கடைசி நேரத்துக்கென்று ஏதேனும் ஒரு விலங்கை மிச்சம் வைத்திருந்தால் ஏமாற நேரிடும். பட்டியலில் உள்ளவற்றை அதற்கு முன்பே முடித்துவிட்டு, இறுதி அரை மணி நேரத்தைப் பறவைகளுக்கும் மரங்களுக்கும் விடலாம். பழைய நகரப் பூங்காக்கள் பலவற்றில் மரங்களின் வயது விலங்குகளின் வயதைவிடப் பல மடங்கு அதிகம். அழைக்காமலே வந்து கூடு கட்டும் பறவைகளும் அங்கே இருக்கும். யாராவது ஒருவர் போகலாமா என்று இரண்டாவது முறை கேட்டுவிட்டால், பட்டியலில் எத்தனை மிச்சம் இருந்தாலும் கிளம்பிவிடுவது நல்லது.

ஆண்டு முழுவதற்குமான அனுமதிச் சீட்டு வாங்குவது பயன் தருமா?

அருகில் வசிப்பவர்களுக்கு நிச்சயமாகப் பயன் தரும். கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற உந்துதல் அதன்பின் இருக்காது. ஒன்றரை மணி நேரம் மட்டும் சென்று இரண்டே விலங்குகளைப் பார்த்துவிட்டு வரலாம். ஆண் மான் கொம்பை உதிர்த்து, மென்தோல் போர்த்திய புதுக் கொம்பை வளர்த்து, பிறகு அத்தோலை மரத்தில் உரசிக் கழிப்பதை ஒரே விலங்கில் பல மாதங்களுக்குத் தொடர்ந்து காண இதைவிட எளிய வழி இல்லை. தொலைவிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வருபவர்கள் ஒரு நாள் சீட்டோடு நின்றுகொள்ளலாம். அத்தொகையில் மிச்சமானதை, பூங்காவில் விலங்குத் தத்தெடுப்புத் திட்டம் இருந்தால், தங்களுக்குப் பிடித்த ஒரு விலங்கின் பராமரிப்புக்குச் செலுத்தலாம்.